குழிகளில் சந்தனம்

ஆயுதபூஜை விடுமுறை முடிந்த காலை. செங்கல்பட்டில் காபி குடித்துக்கொண்டிருந்த எனக்குத் தேன்மொழியிடமிருந்து போன்.

"டேய், கிராஃப் ஏறிக்கினே போவுது. மத்தியானம் ரிவ்யூ. கொஞ்சம் வாயேன்."

தேன்மொழி என் கல்லூரித் தோழி, சதுரங்கப்பட்டினத்துப் பெண். பொறியியல் கல்லூரி ஒன்றில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறாள். என்ன ஆய்வு? எஃகுத் தட்டின் மீது மிகக் கடினமான கார்பன் பூச்சு. அந்தப் பூச்சில், கண்ணுக்குத் தெரியாத குழிகளை லேசரால் பறிக்கிறாள். குழிகளில் எண்ணெய் தங்கும், உராய்வு குறையும். வழவழப்பான பரப்பில் குழி பறித்தால் எப்படி வழுக்கும்? இதை எதிர்த்து அவளிடம் பலமுறை முழங்கியிருக்கிறேன். விவாத மேடைகளில் கோப்பைகளை வென்ற என் வாதத்திறம் அவளிடம் மட்டும் எடுபட்டதில்லை...

உராய்வு குறைவதைக் காட்டினால்தான் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க அனுமதி. உராய்வுக் கோடோ மேலே ஏறுகிறது.

நான் போய்ச் சேர்ந்தபோது, ஆய்வக உதவியாளர் முருகனிடம் விசாரணை நடந்துகொண்டிருந்தது.

"அண்ணாத்த, என் தட்டத் தொட்டீங்களா?"

"பொட்டு வச்சேம்மா. எல்லா மிஷினுக்கும் வச்சிட்டு உன்னுத மட்டும் வுட்டா நல்லாவா கீது? அப்பால பளபளன்னு தொடச்சிட்டனே."

பளபளப்பில் குறையே இல்லை. மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் — குழிதோறும் காய்ந்த சந்தனம்! எண்ணெய் எங்கே தங்கும்?

"சாமிக்கு வச்சத கழுவுறியேம்மா."

"நீங்க கும்பிட்டாச்சு அண்ணாத்த. இனிமே நான் கமிட்டிய கும்பிடணும்."

தட்டை ஆல்கஹாலில் மூழ்கவைத்து, அதிரும் தொட்டியில் கழுவினாள். எண்ணெய் விட்டு, உராய்வை அளக்கும் இயந்திரத்தில் மறுபடி ஓட்டினாள். கோடு பணிவாக இறங்கியது.

பிற்பகல் ரிவ்யூவில் கடைசி வரிசையில் அமர்ந்திருந்தேன். குழுவில் ஒருவர் கண்ணாடியைக் கழற்றியபடி கேட்டார்: "உராய்வைக் குறைத்தது உன் குழிகளா, பூச்சா? குழியே இல்லாமலும் குறைந்திருக்கலாம் அல்லவா?"

ஓர் அணியையே சாய்த்துவிடும் கேள்வி அது.

தேன்மொழி, காலையில் ஏறிய அந்தக் கோட்டை, கழுவியபின் இறங்கிய கோட்டின் பக்கத்தில் திரையில் போட்டாள். "அதே தட்டு, அதே பூச்சு சார். குழி மட்டும் அடைபட்டிருந்தது."

"எதனால்?"

"சந்தனத்தால சார்."

அரங்கம் சிரித்தது. அனுமதி கிடைத்தது.

என் பின்னால், புரொஜெக்டர் அருகே நின்ற முருகன் மட்டும் சிரிக்கவில்லை. என் பக்கம் குனிந்தார்: "பாத்தியா நைனா, பூச வீணாப் போவல."