இறங்காத விதை

என் மகன் பிறந்த மறுநாள் காலை, குழந்தைகள் டாக்டர் துணியை விலக்கி அவனைப் பார்த்தார். பிறகு என்னையும் என் கணவரையும் மட்டும் இருக்கச் சொல்லிவிட்டு மற்றவர்களை வெளியே அனுப்பினார்.

இரண்டு குறை சொன்னார். சிறுநீர் வரும் துவாரம் நுனியில் இல்லாமல் கொஞ்சம் கீழே தள்ளி இருக்கிறது. இடது பக்க விதை பைக்குள் இறங்கவில்லை, தொடையிடுக்கில் எங்கோ நின்றுவிட்டது. இரண்டும் பிறவியிலேயே வருவது, யார் தப்பும் இல்லை, ஆபரேஷன் செய்து சரிபண்ணலாம் என்றார். வாசல் வரை போனவர் கேஸ் ஷீட்டில் எங்கள் பெயரைப் பார்த்துத் திரும்பினார்.

"சுன்னத் மட்டும் இப்ப பண்ணிடாதீங்க. அந்தத் தோலை வெச்சுத்தான் சிறுநீர் வழி செய்யணும்."

ஒரு ரத்தப் பரிசோதனையும் எழுதிக் கொடுத்தார். இரண்டு குறையும் சேர்ந்து இருந்தால், ஆண் குழந்தைதான் என்று உறுதி செய்துகொள்வது வழக்கமாம். அதன் ரிசல்ட் தாள் கைக்கு வர மூன்று வாரம் ஆயிற்று. அந்த மூன்று வாரமும் நான் அவனை 'என் ராஜா' என்று வாய்விட்டுக் கூப்பிடவில்லை. பால் கொடுக்கும்போது முகத்தை மட்டும் பார்ப்பேன். கடைசியில் ஆண்தான் என்று வந்தது. என் கணவர் அந்தத் தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "இது நம்ம ரெண்டு பேரோட இருக்கட்டும்" என்றார்.

அப்போது நாங்கள் பல்லாவரத்தில் அவருடைய அக்கா குடும்பத்தோடு ஒரே வீட்டில் இருந்தோம். அக்காவுக்கு என் மகன் மேல் கொள்ளைப் பிரியம். "குளிப்பாட்டக் குடுடி" என்று கையை நீட்டுவார். நான் சளி என்பேன், காய்ச்சல் என்பேன், இப்போதுதான் தூங்கினான் என்பேன். ஒரு நாள் அவர் முகம் சுருங்கிப் போனதைப் பார்த்தேன். அதற்கு மேல் முடியவில்லை. பல்லாவரத்தில் தண்ணீர்க் கஷ்டம், மேற்குத் தாம்பரத்தில் நல்ல கிணறு உள்ள வீடு கிடைத்திருக்கிறது என்று பொய் சொல்லி, குழந்தையின் ஐந்தாவது மாதத்தில் குடிமாறினோம். எங்களுக்கு வேண்டியது கிணறு இல்லை. கதவைச் சாத்திக்கொண்டு பிள்ளையைக் குளிப்பாட்ட ஓர் இடம்.

ஒன்றரை வயதில் எழும்பூர் பக்கம் ஒரு மருத்துவமனையில் ஆபரேஷன் நடந்தது. குழந்தைகளுக்கான சர்ஜன் ஒரு பெண். சிறுநீர் வழி, விதை இரண்டையும் ஒரே தடவையில் முடித்துவிட நினைத்திருந்தார். முதல் வேலையே நீண்டுவிட்டதால், அதிக நேரம் மயக்கத்தில் வைக்க வேண்டாம் என்று விதையை அடுத்த தடவைக்குத் தள்ளினார். "ஆறு மாசத்துல கூட்டிட்டு வந்துடுங்க. இதைத் தள்ளிப்போடக் கூடாது. மேலேயே இருந்தா சூட்டுல கெட்டுப்போகும், சில சமயம் முறுக்கிக்கும்" என்றார். என் காதில் அது விழத்தான் செய்தது.

ஆனால் அந்தப் பத்து நாளை எப்படிச் சொல்வேன்? சிறுநீர் வழிக்குள் ஒரு குழாய். அது அசையாமல் இருக்க இரண்டு கையையும் கட்டிலோடு துணியால் கட்டியிருந்தார்கள். கட்டு மாற்ற வரும் நர்ஸின் செருப்புச் சத்தம் கேட்டாலே அலறுவான். என் கணவர் ஒரு முறை உள்ளே நின்று பார்த்தார், சுவரைப் பிடித்தபடியே தரையில் உட்கார்ந்துவிட்டார். வீட்டுக்கு வந்த பிறகு, "இன்னொரு தடவை என்னால முடியாது. ரெண்டு வருஷம் போகட்டும். அதுவா இறங்கினாலும் இறங்கும்" என்றார். நான் மறுத்திருக்க வேண்டும். அவர் அதைச் சொல்ல மாட்டாரா என்றுதான் நான் காத்துக்கொண்டிருந்தேன்.

தோலை எடுத்துவிட்டதால் பார்வைக்கு சுன்னத் செய்தது போலவே இருந்தது. ஆஸ்பத்திரியிலேயே சுன்னத்தை முடித்துவிட்டோம் என்று சொந்தக்காரர்களிடம் சொன்னோம். அப்படிச் சொன்னால் விருந்து வைக்காமல் இருக்க முடியுமா? பிரியாணி போட்டோம். அக்கா அவனுக்குப் புதுச் சட்டை உடுத்தி, ரோஜா மாலையைக் கழுத்தில் போட்டு, நெற்றியில் முத்தம் வைத்தார். ஃபோட்டோவில் நாங்கள் எல்லோரும் சிரிக்கிறோம். எல்லாம் முடிந்துவிட்டது என்று ஊரோடு சேர்த்து நானும் நம்பத் தொடங்கினேன். அடுத்த ஆபரேஷனுக்கு சர்ஜன் எழுதிக் கொடுத்த சீட்டு பீரோவில் புடவைகளுக்கு அடியில் போயிற்று.

அவனுக்கு நாலரை வயது இருக்கும்போது ஒரு சனிக்கிழமை. காலை பத்து மணி. இட்லி சாப்பிட்டுவிட்டுத் தரையில் கார் ஓட்டிக்கொண்டிருந்தவன் திடீரென்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டான். சாப்பிட்டதெல்லாம் வாந்தி. தூக்கிக்கொண்டு தெருமுனைக் கிளினிக்குக்கு ஓடினேன்.

அது ஒரே அறை. டாக்டரின் மேசைக்கும் காத்திருப்பவர்களின் பெஞ்சுக்கும் நடுவில் ஒரு திரைதான், அதுவும் பாதி. பெஞ்சில் எங்கள் பக்கத்து வீட்டம்மா உட்கார்ந்திருந்தார். டாக்டர் சட்டையைத் தூக்கித் தொப்புளைச் சுற்றி அழுத்திப் பார்த்தார்.

"வேற ஏதாவது பிரச்சினை உண்டா? முன்னாடி ஆபரேஷன் ஏதாவது?"

சொல்லியிருக்கலாம். ஒரு வரிதான். இடது பக்க விதை இன்னும் இறங்கவில்லை, டாக்டர். திரைக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டம்மா இருமினார்.

"ஒண்ணும் இல்ல சார்" என்றேன்.

வாந்திக்கு ஒரு சிரப்பும் வயிற்றுவலிக்கு ஒரு மருந்தும் கொடுத்து அனுப்பினார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை.

மதியம் வரை முனகிக்கொண்டே கிடந்தான். மூன்று மணிக்கு டிராயரை நனைத்துவிட்டான். மாற்றலாம் என்று கழற்றியபோது பார்த்தேன். இடது தொடையிடுக்கில் ஒரு எலுமிச்சை அளவுக்கு வீக்கம், மேல்தோல் சிவந்து பளபளவென்று இருந்தது. விரல் பட்டதும் அவன் போட்ட சத்தம் இன்னும் எனக்குள் இருக்கிறது. "சில சமயம் முறுக்கிக்கும்." சர்ஜன் சொன்னது அப்படியே, அந்தக் குரலிலேயே கேட்டது.

என் கணவர் குரோம்பேட்டையில் தோல் பை செய்யும் யூனிட்டில் கட்டிங் மாஸ்டர். மொபைலில் கூப்பிட்டேன். "டாக்டரம்மா அன்னிக்குச் சொன்ன அதேதான்" என்றேன். வேறு எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"ஆட்டோ வேணாம், ரயில்ல வா. நான் இங்க ஏறிக்கறேன், முன்னாடி பெட்டி" என்றார். கத்திப்பாராவில் பாலம் கட்டிக்கொண்டிருந்த காலம் அது. ஜிஎஸ்டி ரோட்டில் மாட்டினால் அவ்வளவுதான்.

தாம்பரத்தில் வண்டி நின்றுகொண்டிருந்தது, கிளம்பவில்லை. ஐந்து நிமிடமோ பத்து நிமிடமோ, என் பிள்ளை என் தோளைக் கடித்துக்கொண்டிருந்தான். எதிர் சீட்டில் காலிக் கூடையோடு இருந்த பழக்கார அம்மா, "இன்னாமா, கொழந்த இப்டி துடிக்குது? வவுறு நோவா?" என்றார்.

"இல்லம்மா" என்றேன். "விதை மேலயே நின்னுக்கினு முறுக்கிக்கிச்சு. ஆஸ்பத்திரிக்குப் போறேன்."

எங்கிருந்து வந்தது அந்த வார்த்தை, அந்த அம்மா பேசும் விதத்திலேயே? பெட்டியே திரும்பிப் பார்த்தது. எனக்கு எதுவும் தோன்றவில்லை. காலையில் சொல்ல முடியாதது ரயில் பெட்டியில் உரக்க வந்தது, ஐந்து மணி நேரம் கழித்து. அந்த அம்மா கூடையைத் தள்ளிவிட்டு சீட்டை முழுவதும் காலி செய்து, "படுக்க வெய்யி, காலு மடக்கினா கொஞ்சம் தாங்கும்" என்றார். குரோம்பேட்டையில் என் கணவர் ஏறினார். கையில் தோல் சாயம்கூடக் கழுவவில்லை. ஒவ்வொரு ஸ்டேஷனிலும் வண்டி நின்றபோது, அவர் கதவருகே போய்ப் பச்சை விளக்கைப் பார்ப்பதும் திரும்புவதுமாக இருந்தார்.

எழும்பூர் ஆஸ்பத்திரியில் அதே சர்ஜன்தான் இருந்தார். வீக்கத்தைப் பார்த்தவுடன் அவர் முகம் மாறியது.

"எப்ப ஆரம்பிச்சது?"

"காலையில பத்து மணிக்கு."

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். ஐந்தாகப் போகிறது. "ஆறு மணி நேரத்துக்குள்ள வந்தா காப்பாத்த வாய்ப்பு அதிகம். இப்பவும் முயற்சி பண்றேன். முடியலன்னா எடுத்துடணும். கையெழுத்துப் போடுங்க." ஏன் முன்பே வரவில்லை என்று அவர் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் நல்லது.

என் கணவர் பேனாவை என் பக்கம் நகர்த்தினார். நான்தான் போட்டேன்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்து துஆ கேட்டேன். என்ன கேட்பது என்றே தெரியவில்லை. ரப்பே, பத்து மணியைத் திருப்பிக் கொடு என்று கேட்டுக்கொண்டிருந்தேன். அப்படிக் கேட்கலாமா கூடாதா, யாரிடம் போய்க் கேட்பது?

ஒரு மணி நேரத்தில் சர்ஜன் வெளியே வந்தார். "கருத்துப் போயிருந்தது. முறுக்கை அவிழ்த்து, வெந்நீர்த் துணி வெச்சுக் காத்திருந்து பார்த்தேன். நிறம் திரும்பல. எடுத்துட்டேன். வலது பக்கம் நல்லா இருக்கு. அது முறுக்கிக்காம இருக்கத் தையல் போட்டிருக்கேன்."

"நாளைக்கு அவனுக்குக் குழந்தை குட்டி…" என்றார் என் கணவர்.

"ஒண்ணு நல்லா இருந்தா பெரும்பாலும் போதும். ஆனா இனி இதைப் பத்திரமா பாத்துக்கணும். வருஷா வருஷம் என்கிட்ட வரணும். வலின்னு சொன்னா அந்த நிமிஷமே வரணும். பெரியவனானதும் அவனுக்கே சொல்லிக்கொடுங்க. மறைக்காதீங்க."

மறுநாள் அக்கா வந்தார், என் கணவர் சொல்லித்தான். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு என்னைப் பார்த்த பார்வையில் கோபம்கூட இல்லை. "என் கையால மாலை போட்டேனேடி. அப்பகூட சொல்லத் தோணலையா? நான் என்ன, ரோட்டுல போறவளா?" என்று முந்தானையை வாயில் வைத்து அழுதார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, கட்டிலில் ஏறி உட்கார்ந்து, பிள்ளையின் தலையை மடியில் வைத்துக்கொண்டார். அன்று நர்ஸ் கட்டு மாற்ற வந்தபோது என் கணவர் அறையைவிட்டுப் போகவில்லை.

வருஷா வருஷம் போனோம். எட்டு வயதில் ஒரு முறை, சர்ஜன் சொன்னபடி, நானே அவனை உட்கார வைத்துச் சொன்னேன். உனக்கு ஒன்றுதான் இருக்கிறது, ஏன் என்று சொல்கிறேன் கேள் என்று தொடங்கி, கிளினிக் வரை எல்லாவற்றையும். நகத்தைக் கடித்துக்கொண்டே கேட்டான்.

"அந்த டாக்டர்கிட்ட நீ சொல்லியிருந்தா?"

"ஒருவேளை காப்பாத்தியிருக்கலாம்."

"ஏம்மா சொல்லல?"

"பக்கத்து வீட்டம்மா இருந்தாங்க. வெட்கமா இருந்துச்சு."

அவன் என்னைப் பார்த்தான். நான் ஏதாவது விளையாட்டுக்குச் சொல்கிறேனா என்று பார்ப்பது போல இருந்தது. அவ்வளவுதானா காரணம் என்று அவன் கேட்கவில்லை. எழுந்து, செருப்பைப் போட்டுக்கொண்டு விளையாடப் போய்விட்டான். அன்று முழுவதும் அவன் என்னிடம் பேசவில்லை. மறுநாள் பேசினான்.