தபாலில் போன காந்தச் சிப்பிகள்

நானும் என் ஓரகத்தியும் ஒரே வீட்டில் கீழும் மாடியுமாக இருக்கிறோம். இருவருக்கும் ஒரே தொழில்: சிப்பியில் மீன்பிடி வள்ளம் வரைந்து, முதுகில் சின்னக் காந்தம் ஒட்டி, பிரிட்ஜ் கதவில் ஒட்டும் அலங்காரப் பொருளாக வெளியூருக்குத் தபாலில் அனுப்புவது. முதலில் தொடங்கியவள் நான். பேர் வாங்கியவள் அவள். அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது.

அவளுடையவை முழுசாகப் போய்ச் சேரும். என்னுடையவை உடைந்துபோகும். இத்தனைக்கும் ஒவ்வொன்றையும் பஞ்சில் பொதிந்து மக்ரூன் இனிப்பு வந்த அட்டைப்பெட்டியில் அடுக்குவேன். வழியில் பெட்டி குலுங்கினால் போதும், காந்தங்கள் பஞ்சையும் மீறி ஒன்றையொன்று இழுத்து மோதி, சிப்பி விளிம்பு சில்லுச் சில்லாகிவிடும். பெங்களூரில் ஒரு கடைக்காரம்மா, நூறு வேண்டும் என்று இருவரிடமும் மாதிரி கேட்டிருந்தார். அவளுடையது போய்ச் சேர்ந்தது. நான் அனுப்பியது இரண்டு முறையும் நொறுங்கியது. “இன்னொரு தடவை அனுப்புங்க, பாக்கலாம்” என்றார் அந்த அம்மா. தபால்காரர்கள் தூக்கி எறிகிறார்கள் என்று நான் வீடு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

தபால் ஆபீசில் என் பெட்டி எடை பார்க்கும் இரும்புத் தட்டோடு ஒட்டிக்கொள்ளும். “என்னக்கா, ஒங்க பார்சல் ஊரை விட்டுப் போக மாட்டேங்கு! ஒங்க மாடியில இருக்கவங்க கொண்டாரது ஒருநாளும் இப்படி ஒட்டுனதில்லயே” என்று சிரித்தார் கவுண்டரில் இருந்தவர். எனக்குச் சுருக்கென்றது.

அடுத்த வாரம் அவளுக்குக் காய்ச்சல். “அக்கா, இதை மட்டும் போஸ்ட் பண்ணிருவியளா?” என்று ஒரு பார்சலைக் கொடுத்தாள். அடுப்படிக் கதவைச் சாத்திக்கொண்டு டேப்பைப் பிரித்தேன். வெட்கமாகத்தான் இருந்தது, ஆனால் கை நிற்கவில்லை. எண்ணெய் டின்னைச் சதுரமாக வெட்டி, ஒவ்வொரு காந்தத்தையும் அந்தத் தகரத்தில் ஒட்ட வைத்திருந்தாள். இடையிடையே தடித்த அட்டை. சுற்றிலும் இரண்டு விரல் கனத்துக்குத் தெர்மாகோல். பழையபடி மூடி, பெட்டிமேல் ஓர் இரும்புக் கரண்டியை வைத்துப் பார்த்தேன். இழுக்கவே இல்லை; காந்தத்தின் இழுப்பைத் தகரமே பிடித்து வைத்திருந்தது. இவ்வளவுதானா, இது எனக்குத் தோன்றவில்லையே என்று அவள்மீதுதான் கோபம் வந்தது.

அவள் பார்சலைத் தபாலில் சேர்த்துவிட்டு, மறுநாள் நானும் டின் வெட்ட உட்கார்ந்தேன். சத்தம் கேட்டு அவள் இறங்கி வந்தாள். நான் வெட்டி வைத்திருந்த தகரச் சதுரங்களைப் பார்த்தாள்.

“கையைப் பாத்துக்கிடுங்கக்கா. என்ட்ட கேட்டிருந்தா நானே சொல்லிருப்பம்லா” என்றாள்.

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

மூன்றாவது தடவையாக என் பார்சல் பெங்களூருக்குப் போனது. நான்காம் நாள் கடைக்காரம்மா போன் செய்தார். “இந்தத் தடவை எல்லாம் முழுசா வந்திருக்குங்க. ரெண்டு பேரோடதையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்தேன். அவங்க வரைஞ்ச வள்ளம் நிஜமாவே தண்ணியில போற மாதிரி இருக்கு. நூறையும் அவங்ககிட்டயே வாங்கிக்கிறேன். தப்பா நினைக்காதீங்க.”

“சரிங்க” என்றேன். அதுவும் உடைந்து போயிருந்தால், இன்னும் கொஞ்ச நாள் தபால்காரர்களைத் திட்டிக்கொண்டு, அவளைவிட நான் நன்றாக வரைகிறேன் என்றே நம்பிக்கொண்டு இருந்திருப்பேன்.