பாதாம் இலை மக்காத கதை

எங்கள் வீடு புதுச்சேரி முதலியார்பேட்டையில். பக்கத்து வீட்டுக்காரர் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்று வந்தவர். தெருவே அவரை மிசியே, அதாவது பிரெஞ்சில் ஐயா, என்றுதான் கூப்பிடும். அவர் வீட்டில் ஒரு நாட்டு பாதாம் மரம், எங்கள் வீட்டில் ஒரு முருங்கை. பொங்கல் முடிந்த கையோடு பாதாம் மரம் சிவந்து, இலை மொத்தத்தையும் எங்கள் பக்கம் கொட்டிவிடும். ஒவ்வொரு இலையும் டிபன் தட்டு அகலம்.

ஒருநாள் காலை எனக்குப் பொறுமை போய்விட்டது.

"மிசியே, உங்க எலைய வாரி வாரி இடுப்பே ஒடிஞ்சிட்டுது. நான் லாஸ்பேட்டைக்கு ஆபீஸ் போறதா, இத்த வார்றதா?"

"உன் முருங்க மட்டும் என் வூட்ல கொட்டலியா? நான் என்னிக்காவது வந்து கேட்டனா?"

"எங்க கொட்டியிருக்கு, காட்டுங்க பாப்போம்."

குனிந்து தேடினார். முருங்கை இலை விழுந்த சில நாளிலேயே சுருண்டு கறுத்து மண்ணோடு போய்விடும். அவருக்குக் காட்ட ஒன்றுமில்லை. "முந்தாநேத்துகூட இங்கதான் கெடந்துச்சி" என்று முனகினார். வழக்கில் நான் ஜெயித்துவிட்டேன். ஆனால் இலைகள் என்னிடமே இருந்தன.

எரிக்கவும் கூடாது, குப்பை வண்டியும் ஏற்றிக்கொள்ளாது. சரி, எரு போடலாம் என்று முடிவு செய்தேன். மாடிப்படிக்கு அடியில் செங்கல்லை அடுக்கித் தொட்டி கட்டி, அத்தனை இலையையும் முழுசு முழுசாக அழுத்தினேன். "மழ வெயில் படாம பத்திரமா வையி" என்று என் கணவர் சொன்னார். நானும் பத்திரமாகத்தான் வைத்தேன். சித்திரை போயிற்று, வைகாசி போயிற்று, இலைகள் அப்படியே இருந்தன. மேலாகக் கிடந்த இலையில் காக்கை எச்சம்கூட அழியவில்லை. இந்த இடமே உத்தமம் என்று ஒரு பூனை அதில் குட்டி போட்டது.

தினமும் காலையில் மதிலுக்கு மேலே மிசியேயின் தலை தெரியும்.

"இன்னாம்மா, மக்கிடுச்சா?"

"மக்கும் மிசியே."

"பிரான்ஸுல குளிருக்குக் கெடந்தா ஒத்துக்கலாம். இந்த வெக்கையிலயும் கெடக்குதுன்னா, உன் கை ராசிதான்."

ரோஷம் வந்துவிட்டது. விவசாயம் படித்த என் தோழிக்குப் போன் போட்டேன். அவள் சிரித்து முடிக்கவே நேரம் பிடித்தது.

"ஏண்டி, எலைய பீரோல வச்ச மாதிரி வச்சிட்டு மக்கலன்னா எப்டி? ஈரம் இல்லாம எந்தப் பூச்சி, எந்தக் காளான் வாய வைக்கும்? அதுவும் பாதாம் எல தோல் மாதிரி தடிமன். அதுல சத்தும் கம்மி. சின்னதா நொறுக்கு, முருங்க மாதிரி மெல்லிசா பச்சையா கலந்து போடு, தண்ணி தெளி. காத்தும் படணும்."

நொறுக்க என்னிடம் இருந்தது ஸ்கூட்டர் ஒன்றுதான். பூனை குட்டிகளோடு வேறு இடம் பார்த்துப் போகவே புரட்டாசி ஆகிவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை இலைகளைத் தெருவில் பரப்பி அதன்மேல் போவதும் வருவதுமாக இருந்தேன். கணவர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

"இன்னாக்கா, வண்டி கத்துக்கிறியா?" என்றாள் காய்கறி வண்டிக்காரி.

"இல்ல, எல நசுக்குறேன்."

அவள் வண்டியை எதிர்ச்சாரிக்குத் தள்ளிக்கொண்டு போனாள். மிசியே மட்டும் வாசலில் வந்து நின்று, அணிவகுப்பு நடத்துகிறவர்போல், "கோஷ்! த்ருவாத்!" என்று பிரெஞ்சில் இடமும் வலமும் சொல்லிக்கொண்டிருந்தார். வண்டி ஏறாத இடத்தையெல்லாம் கைத்தடியால் காட்டினார்.

அடுத்து முருங்கை இலை. தழைத்த கிளையெல்லாம் அவர் பக்கம்தான் சாய்ந்திருந்தது.

"என் பக்கம் வந்த கெள என்னுது" என்றார்.

"அப்ப வேரு?"

"வேர நீ வச்சிக்க."

எருவில் பாதி அவருடைய ரோஜாத் தொட்டிகளுக்கு என்று பேசி முடித்தோம். முற்றத்தில் திறந்த இடத்தில் நொறுங்கிய இலையும் முருங்கையும் மாற்றி மாற்றிப் போட்டுத் தண்ணீர் தெளித்தேன். லேசாக மழையும் பெய்தது. சில நாள் கழித்து உள்ளே கைவிட்டுப் பார்த்தால், இட்லிக் குண்டானைத் தொட்ட மாதிரி சுட்டது. எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி மாளாது. கணவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். கையை உள்ளே விட்டவர் வெடுக்கென்று இழுத்துக்கொண்டு, "உள்ள என்னத்தப் போட்ட?" என்றார்.

மறுநாள் விடிந்ததும் குளிர்ந்த காற்று. குவியலைக் கிளறக் குனிந்தேன். வெண்மையாக எழும்பிய ஆவியில் நானே மறைந்துபோனேன் போலிருக்கிறது. மதிலுக்கு அந்தப் பக்கம் "நெருப்பு! நெருப்பு!" என்று சத்தம். நிமிர்வதற்குள் ஒரு வாளித் தண்ணீர் என் தலையில். கண்ணைத் துடைப்பதற்குள் இன்னொரு வாளி.

"மிசியே! நிறுத்துங்க! அது பொகை இல்ல, ஆவி!"

"ஆவியா?" கையில் வாளியோடு சிலுவை போட்டுக்கொண்டார். தலையெல்லாம் இலையும் சேறுமாக நான் எழுந்து நின்றது அவருடைய சந்தேகத்தைத் தீர்க்கவில்லை.

அவர் ஊற்றிய தண்ணீர் போதாதென்று மழையும் பிடித்துக்கொண்டது. குவியல் சொதசொதவென்று அமுங்கி, காற்றுப் போகாமல் நாற ஆரம்பித்தது. பெருச்சாளி செத்துக் கிடக்கிறதா என்று எதிர்வீட்டில் கேட்டுவிட்டார்கள். மிசியே குற்றவாளி மாதிரி வந்தார். ராணுவ பூட்ஸ், மூக்கில் கட்டிய கைக்குட்டை, தோளில் மண்வெட்டி. இருவருமாகப் புரட்டினோம். ஈரத்தை இழுக்க, நடுவில் கலக்கக் காய்ந்த இலை வேண்டும். ஐப்பசியில் பாதாம் மரம் பச்சைப்பசேல் என்று நின்றது. கொம்பால் உலுக்கியும் ஒரு சருகு விழவில்லை. கடைசியில், வருஷக்கணக்காக யாருக்கும் கொடுக்காமல் வைத்திருந்த பிரெஞ்சுப் பத்திரிகைக் கட்டைத் தூக்கிவந்தார். கிழிப்பதற்கு முன் ஒவ்வொரு தாளையும் படித்தார். மதியம் ஆகிவிட்டது.

நாற்றம் அடங்கியது. அதன்பிறகு காலையானால் மண்வெட்டியோடு மிசியே எங்கள் முற்றத்துக்கு வந்துவிடுவார். மார்கழியில் கறுப்பாக, உதிரியாக எரு கிடைத்தது. இலைக் காம்புகள் சில மட்டும் அசையாமல் கிடந்தன. மிசியே ஒரு கை அள்ளி மோந்து பார்த்து, "காப்பித்தூள் மாதிரி இருக்குதே!" என்று ஆச்சரியப்பட்டார். அன்னக்கூடையால் அளந்து பிரித்துக்கொண்டோம்.

அன்று சாயங்காலம் அவர் மனைவி கேக் எடுத்துக்கொண்டு வந்தார். மிசியே வாய் திறந்தால் அந்த அம்மா வாய் திறக்க மாட்டார். அதனால் அதுவரை அவர் குரலையே நான் சரியாகக் கேட்டதில்லை.

"அடுத்த வருஷமும் போடுவீங்க இல்ல?" என்று ஆவலாகக் கேட்டார்.

"போடணும் மதாம். உங்களுக்கும் எரு வேணுமா?"

"எரு வேணாம்மா. இவரு காலையில இங்க வந்துடுறாரா, வூடு ரொம்ப அமைதியா இருக்கு."