பூஜையில் வைத்த பிசாசு காமிக்ஸ்

ஈரமேறிய பேஸ்மென்ட் வாடையும் மட்டமான மையின் நெடியும் கலந்து வீசும் அந்த எழுபதுகளின் காமிக்ஸ்களைப் புரட்டினால் விரல் நுனி கறுத்துவிடும். ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் எங்கள் தெருவில் பழைய சாமான்களை வாசலில் பரப்பி விற்ற ஒரு ‘கராஜ் சேல்’ மூலம் வந்த பதினோரு புத்தகங்கள்தான் பத்து வயதில் எனக்கென்று இருந்த சொத்து. அந்தக் கதைகளில், கடலில் மூழ்கிச் செத்த மாலுமி ஒருவன் சாத்தானோடு ஒப்பந்தம் போட்டு, கொம்பும் பாதி மண்டையோடுமாக எழுந்து வந்து ஊரைக் காப்பாற்றுவான். காப்பாற்றப்பட்டவர்களே அவனைக் கண்டு அலறி ஓடுவார்கள். வகுப்பில் யாரும் பக்கத்தில் உட்காராத எனக்கு அவன் ஒருவன்தான் சிநேகிதன்.

அந்த வருஷம் சரஸ்வதி பூஜைக்கு, “உனக்குப் பிடிச்ச புக்ஸ் எல்லாம் கொண்டு வந்து வைடி” என்றாள் அம்மா. கணக்குப் புத்தகத்தின் மேல் பதினொன்றையும் அடுக்கினேன். மறுநாள் காலை வரை ‘ஏட்டைத் தொடக்கூடாது’ என்பது வீட்டுச் சட்டம். சாயங்காலம் கொலு பார்க்க வந்த ஆன்ட்டி ஒருவர், மூடியிருந்த பட்டுத்துணியை விலக்கிப் பார்த்துவிட்டு, “ஐயையோ, அம்பாள் முன்னாடி பிசாசா? வீட்டுக்கே ஆகாது, முதல்ல டிஸ்போஸ் பண்ணுங்க” என்றார். அவர் முதுகுக்குப் பின்னால் மூன்றாம் படியில், மண்டையோட்டு மாலையும் நீட்டிய நாக்குமாகக் காளி நின்றுகொண்டிருந்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. புத்தகங்களை அள்ளிக்கொண்டு மாடிக்கு ஓடியிருக்கலாம். தொடக்கூடாதே என்று கையைக் கட்டிக்கொண்டேன். அம்மாவும் தொடமாட்டாள் என்று நம்பித் தூங்கப் போனேன்.

விஜயதசமி காலையில் குளித்துவிட்டு வந்து துணியை எடுத்தால், அடியில் கணக்குப் புத்தகம் மட்டும் இருந்தது. அம்மா எடுத்துக் கொடுத்து, ராத்திரியே பழைய பேப்பரோடு அப்பா கட்டிவைத்ததைக் குப்பை வண்டி ஏழு மணிக்கே கொண்டுபோய்விட்டதாம். “பேய்ப் படத்துக்கா இப்படி அழறே? உக்காந்து கணக்கைப் படி” என்றாள் அம்மா. சட்டத்தைப் போட்டவர்களே அதை மீறினார்கள். அதைக் காத்த நான்தான் தோற்றேன். இத்தனை வருஷம் கழித்தும் அந்தக் கோபம் ஆறவில்லை, ஆற வேண்டும் என்று எனக்கு ஆசையும் இல்லை.

இப்போது பிளசன்டனில் என் வீட்டுக் கொலு. கொம்பு வைத்த ஏதோ ஒரு ஹீரோவின் படம் போட்ட டீஷர்ட்டில் என் மகன் வந்து நிற்க, “சூப்பரா இருக்குடா கண்ணா” என்று அம்மா கன்னத்தைக் கிள்ளினாள். என்னால் அடக்க முடியவில்லை, கேட்டுவிட்டேன். “நானா? உன் புக்ஸைத் தூக்கிப் போட்டேனா? எனக்கு ஞாபகமே இல்லையேடி” என்றாள்.

ஈஸ்ட் பிரன்ஸ்விக் வீடு கைமாறிவிட்டது. அந்த மை வாடைகூட என் விரலைத் தவிர வேறெங்கும் மிச்சமில்லை. அம்மா பட்டுத்துணியை விரித்து, “உன் புக்ஸ் கொண்டு வாடி, பூஜைல வைக்கலாம்” என்று கூப்பிட்டாள். ஒன்றுகூடக் கொடுக்கவில்லை.