கலாஸுக்கு நகராத கார்மேகம்

பரமக்குடிப் பக்கத்துக்காரன் கார்மேகம் ஐஸ் ஹாக்கி ஆடினான் என்று ஊரில் சொன்னால் இன்றைக்கும் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். நான் கண்ணால் பார்த்தவன். அல் கூஸ் லேபர் கேம்ப்பில் அவனுக்கு மேல் கட்டில் என்னுடையது.

2004இல் அவன் துபாயில் ஒரு பெரிய கடை வளாகத்துப் பனிச்சறுக்குத் தளத்தில் கிளீனர். அங்கே வெள்ளிக்கிழமை மத்தியானங்களில் லீக் நடக்கும். கடைசிப் பிரிவில், கடைசி இடத்தை யாருக்கும் விட்டுக்கொடுக்காத அணி ஒன்று இருந்தது. கேப்டன் டேவ் கனடாக்காரர், பேங்கில் வேலை. அவர்களுடைய கோல்கீப்பர் வேலை மாறி தோஹா போய்விட, பயிற்சிக்குச் சும்மா வலைக்கு முன்னால் நிற்கச் சொல்லி இவனுக்குக் கவசங்களை மாட்டிவிட்டார்கள். கேம்ப் கிரிக்கெட்டில் இவன் விக்கெட் கீப்பர். 'பக்' என்கிற அந்தக் கறுப்பு ரப்பர் வில்லையையும் பந்து மாதிரியே பிடித்துப் போட்டிருக்கிறான். சறுக்கத்தான் சரியாக வரவில்லை. கோல்கீப்பர் அதிகம் ஓட வேண்டியதில்லை என்று டேவ் தன்னைத் தானே சமாதானம் செய்துகொண்டார்.

முழுப் பெயர் நீளம் என்று சட்டை முதுகில் 'கார்' என்று மட்டும் போட்டார்கள். ரூமில் நாங்கள் ஹார்ன் அடித்துக் கேலி செய்தோம். அவனுக்குக் கோபமே வரவில்லை. வேலை நேரத்தில் அவன் எல்லாருக்கும் வெறும் 'பாய்', அதாவது எடுபிடிப் பையன். சிலர் விரலைச் சொடுக்குவதோடு சரி. வலைக்கு முன்னால் மட்டும்தான் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள், பாதிப் பெயரானாலும்.

மறு வருஷம்தான் அந்தக் கூத்து. ஆட்டம் சமநிலையில் முடியப்போகிற நேரம். எதிரணியில் ஓர் அரபி இளைஞன் பக்கை வைத்து வித்தை காட்ட, அவன் கூட்டாளி பொறுக்காமல் "கலாஸ், கலாஸ்" என்று கத்தினான். போதும், இங்கே தள்ளு என்று அர்த்தம். ஆனால் கேம்ப்பில் இருப்பவனுக்கு அந்தச் சொல்லுக்கு ஒரே அர்த்தம்தான். ஃபோர்மேன் கலாஸ் என்றால் டூட்டி முடிந்தது. கையிலிருப்பதைப் போட்டுவிட்டு பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். கார்மேகம் மட்டையைச் சாய்த்து வைத்தான். முகமூடியைக் கழற்றித் தண்ணீர் பாட்டிலை எடுத்தான். பக் அவன் காலருகே சாவகாசமாக வலைக்குள் போனது.

ஏன் என்று டேவ் கேட்டதற்கு, கலாஸ் சொன்னார்களே சார் என்றிருக்கிறான். டேவ் நல்ல மனிதர், திட்டவில்லை. அடுத்த வெள்ளியும் இப்படியே என்றால், புதிதாக வந்திருக்கும் பின்லாந்துக்காரரை எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கும் என்று மட்டும் சொன்னார். அன்று கார்மேகம் சாப்பிடவில்லை.

"வேற எதுவும் வேணாம்டா எனக்கு. அந்த எடம் மட்டும் போயிரக்கூடாது" என்றான்.

மறுநாளிலிருந்து ரூமே பயிற்சியில் இறங்கியது. அவன் பல் தேய்க்கும்போதும் குழம்பு கிண்டும்போதும் யாராவது பின்னாலிருந்து கலாஸ் என்பார்கள். கை நிற்கக்கூடாது. முதல் நாள் கரண்டியைக் கீழே போட்டான். வாரக் கடைசியில் காதோரம் கத்தினாலும் அவன் பாட்டுக்கு வெங்காயம் நறுக்கினான். என்ன, சூப்பர்வைசர் நிஜமாகவே கலாஸ் சொன்னபோதும் தரையைத் துடைத்துக்கொண்டே இருந்து பஸ்ஸைக் கோட்டைவிட்டான்.

வெள்ளிக்கிழமை குல்லாவும் சால்வையுமாகப் போய் உட்கார்ந்தோம். சங்கதி லீக் முழுக்கப் பரவியிருந்தது. பக் இவன் பக்கம் வந்தபோதெல்லாம் எதிரணி மொத்தமும் கலாஸ் பாடியது. இவன் அசைந்தால்தானே! கடைசி அடியை நெஞ்சில் வாங்கி, அப்படியே கவிழ்ந்து அமுக்கிக்கொண்டான். ஜெயித்தார்கள்.

அதற்குப் பிறகு அந்த வலை அவனுடையது. அணி கடைசி இடத்திலிருந்து ஓரிடம் மேலே வந்தது. சாதனை என்றால் அவ்வளவுதான். 2009இல் எங்கும் வேலை சுருங்கியபோது கம்பெனி அவன் விசாவைப் புதுப்பிக்கவில்லை. டேவ் யார் யாரிடமோ பேசிப் பார்த்தார், நடக்கவில்லை.

அவனுடைய கடைசி ஆட்டம் முடிந்து விசில் ஊதியாயிற்று. இரண்டு அணியும் கைகொடுத்துக் கிளம்பின. இவன் மட்டும் வலைக்கு முன்னால் குனிந்தபடியே நின்றான். டேவ் சறுக்கிவந்து தோளில் கைவைத்து, "கலாஸ், கார்" என்றார். நகரவில்லை. பழக்கதோஷம் என்று சிரித்துக்கொண்டே நானும் பனியில் வழுக்கி வழுக்கிக் கிட்டே போனேன்.

"மாப்ள, நெசமாவே முடிஞ்சிருச்சுடா. வா."

முகமூடிக்குள் கன்னம் நனைந்திருந்தது.

"கேட்டுச்சுடா" என்றான். "அவரு சொன்னப்பவே கேட்டுச்சு."