பாலத்துச் சிவப்புக் கோடு

என் வீட்டு வாசல் கதவுக்குப் பின்னால் ஒரு பழைய ரெயின்கோட் தொங்குகிறது. கருநீலம். பித்தான்கள் சில போய்விட்டன, அக்குளில் தையல் விட்டிருக்கிறது. இடது தோளில் சிவப்பு எனாமல் பெயின்ட் கறை ஒன்று, பிரஷ்ஷால் இழுத்துவிட்டதுபோல் படிந்திருக்கிறது. மண்ணெண்ணெய் தொட்டுத் தேய்த்தால் போய்விடும் என்று என் கணவர் ஒவ்வொரு மழைக்காலமும் சொல்வார். இதைப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூட வாசலில் வந்து நிற்காதே என்று என் மகள் சொல்வாள். இரண்டு பேருக்கும் சரி சரி என்று சொல்லிவைத்திருக்கிறேன். அந்த ரெயின்கோட்டை வாங்கிக் கொடுத்தவரும் அதில் கறை போட்டவரும் ஒரே ஆள்தான். அவரை நான் அண்ணன் என்று கூப்பிட்டேன்.

கோவையில் நாங்கள் இருவரும் வேலை பார்த்தது ஒரு சிறிய பொறியியல் ஆலோசனை நிறுவனத்தில். மழைநீர் வடிகாலும் மண் அரிப்புத் தடுப்பும் எங்கள் பிழைப்பு. கல்யாண வீடுகளில் யாராவது என்ன வேலை என்று விசாரித்து, "சாக்கடை டிசைன் பண்றேனுங்க" என்று நான் சொன்னால் பேச்சு அந்த இடத்திலேயே நின்றுவிடும். அண்ணன்தான் கள ஆய்வுக்குத் தலைவர், தாராபுரத்துக்காரர். சின்ன வயதில் அமராவதியில் வெள்ளம் என்று கேட்டதும் மற்ற பிள்ளைகள் வீட்டுக்கு ஓட, தான் ஆற்றைப் பார்க்க ஓடியதாகப் பெருமையடித்துக்கொள்வார். நான் அதை முழுதாக நம்பினேன். அவர் சொன்ன எதையும் நம்பாமலிருக்க அப்போது எனக்குக் காரணம் இருக்கவில்லை.

எங்கள் அலுவலகத்தில் அவர் ஏற்படுத்திய வழக்கம் ஒன்று உண்டு. மழை வெளுத்து வாங்கும்போது ஊரே வீட்டுக்குத் திரும்பும், நாங்கள் அப்போதுதான் கிளம்புவோம். எங்கள் பக்கத்தில் காட்டாறுகளைப் பள்ளம் என்போம். எந்தப் பள்ளத்துக்குத் திட்டம் போடுகிறோமோ அதன் கரையில் போய் நிற்க வேண்டும். தண்ணீர் எதுவரை ஏறுகிறது என்று பார்த்து, வடிந்த பிறகு அந்த உயரத்தில் பாலத்துச் சுவரிலோ பாறையிலோ சிவப்புக் கோடு போட வேண்டும். வடிகாலின் அகலம், குழாயின் அளவு எல்லாம் அந்தக் கோட்டை வைத்துத்தான். "மழையில நனையாதவன் வடிகாலுக்குப் படம் போடக் கூடாது கண்ணு" என்பார். இன்னொரு கட்டளையும் இருந்தது. தண்ணீர் இறங்கத் தொடங்குவதைக் கண்ணால் பார்க்கும்வரை இடத்தைவிட்டு நகரக் கூடாது. பாதியில் கிளம்பினால் கிடைப்பது பாதி அளவு, பாதி அளவைக் காகிதத்தில் எழுதினால் அது பொய் என்று சொல்வார். வானம் கறுத்தால் போதும், அவரிடமிருந்து ஃபோன் வந்துவிடும். "ரெயின்கோட் எடுத்துக்கிட்டியா கண்ணு?"

எனக்கு உடன்பிறந்த ஆண் யாரும் இல்லை. அப்பா நான் படித்துக்கொண்டிருந்தபோதே இறந்துவிட்டார். எங்கள் பங்குக் கோயிலில் என் திருமணம் நடந்தபோது, சாட்சிக் கையெழுத்துப் போட அம்மா அண்ணனைத்தான் கூப்பிட்டார். விபூதி துலங்கும் நெற்றியோடு பீடத்துக்கு அருகில் வந்து, பேனாவை வாங்கி, அவர் அவ்வளவு கவனமாகக் கையெழுத்துப் போட்டதைப் பார்த்துப் பாதிரியார்கூடப் புன்னகைத்தார். "வரைபடத்துல போடற மாதிரி போட்டிருக்கேன், யாரும் மாத்த முடியாது" என்று என் காதில் சொன்னார்.

துடியலூருக்கு மேற்கே மலையடிவாரத்திலிருந்து இறங்கும் ஒரு பள்ளத்தின் குறுக்கே பழைய கல்பாலம் ஒன்று இருக்கிறது. பாலத்துக்கு மேல்பக்கம், தண்ணீர் வரும் திசையில், சாலையைவிடத் தாழ்வாக, கரையை ஒட்டி ஒரு அக்காவின் வீடு. வீட்டின் முன்னாலேயே டீக்கடை. அந்தப் பள்ளத்தை ஆராய வேண்டியிருந்த வருடத்தில் ஐப்பசி மழை பேய்மழையாக அடித்தது. அன்று காலையில்தான் நான் கர்ப்பமாக இருப்பது உறுதியாகியிருந்தது. கணவரிடம் மாலையில் நிதானமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன். வண்டியில் போகும்போது எனக்குக் குமட்டிய குமட்டலைப் பார்த்து அண்ணன் வண்டியை நிறுத்திவிட்டார். வேறு வழியில்லாமல் அவரிடம் சொன்னேன். இந்த உலகத்தில் அதை முதலில் கேட்டவர் அவர்தான். "யாருகிட்டயும் நாஞ் சொல்ல மாட்டேன், நீ வண்டியிலயே உக்காரு" என்றார். நான் உட்காரவில்லை. அவர் வாங்கிக் கொடுத்த ரெயின்கோட்டை மாட்டிக்கொண்டு அவரோடு கரையில் நின்றேன்.

தண்ணீர் டீக்கடை அக்காவின் வாசல்படியைத் தொட்டு நின்றது. அக்கா பாத்திரங்களைக் கட்டிலின் மேல் அடுக்கிவிட்டு, கையைப் பிசைந்துகொண்டு எங்களோடு நின்றிருந்தார். பிறகு மெதுவாக இறங்கத் தொடங்கியது. முழுக்க வடிந்ததும் நாங்கள் பாலத்தின் அடியில் இறங்கினோம். சருகு ஒட்டியிருந்த உயரம் என் தோளுக்குச் சரியாக இருந்தது. கசிவு நீருக்காகச் சுவரில் விட்ட ஓட்டைக்கு ஒரு சாண் மேலே. ஈரச் சுவரில் பெயின்ட் நிற்காது என்று தன் துண்டால் துடைத்துத் துடைத்து அண்ணன் கோடு இழுத்தார். இழுத்த வேகத்தில் பிரஷ் என் ரெயின்கோட்டின் தோளிலும் பட்டுவிட்டது. "இருக்கட்டும், உம்பட தோளும் ஒரு ஆதாரந்தான்" என்று சிரித்தார். மேலே ஏறிவந்து அக்காவிடம் சொன்னார்: "கவலப்படாதீங்கக்கா. இந்தக் கோட்டத் தாண்டித் தண்ணி நிக்காத மாதிரிதான் இங்க எது கட்டுனாலும் வடிகால் போடச் சொல்லுவோம். தண்ணி எறங்கறதப் பாக்காம நாங்க போறவங்க இல்லீங்க." அக்கா எங்களுக்கு இஞ்சி தட்டிப் போட்டு டீ கொடுத்தார்.

அதன் பிறகு சில வருடங்கள் கழித்து எங்கள் துறைக்கான மாநாடு கோவையில் நடந்தது. மண் அரிப்புத் தடுப்பும் மழைநீர் மேலாண்மையும் என்று நட்சத்திர ஹோட்டல் வாசலில் பெரிய பேனர். சாக்கடைக்காரர்களுக்கும் ஒரு காலம் வந்தது என்று எனக்கு வாயெல்லாம் பல். வெளியே கடைகள் போட்டிருந்தார்கள். ஒரு கடையில் இரண்டு சாய்ந்த தட்டுகளில் செம்மண்ணை நிரப்பி, ஒன்றின் மேல் மட்டும் பொள்ளாச்சித் தென்னைநார் விரிப்பைப் போர்த்தி, பூவாளியால் மழை பெய்யவைத்துக் காட்டினார்கள். வெறும் மண்ணிலிருந்து காப்பி நிறத்தில் தண்ணீர் ஓடியது, விரிப்புக்குக் கீழிருந்து தெளிந்து வந்தது. உள்ளே, ஏசி குளிரில் பல் கிட்டிக்க உட்கார்ந்துகொண்டு எல்லோரும் மழையைப் பற்றிப் பேசினார்கள். கொடுத்த பையில் மதிய உணவுக்கு ஆதரவளித்த வீட்டுமனை நிறுவனத்தின் பெயர் இருந்தது. நாங்கள் கோடு போட்ட அதே பள்ளத்தின் கரையில், பாலத்துக்குக் கீழ்ப்பக்கம், மனை போடப்போகிறவர்கள் அவர்கள். அதை நான் கவனித்தேன், பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அண்ணன் பேசப்போகிறார் என்ற சந்தோஷத்தில் இருந்தேன்.

அண்ணன் பேசும்போது எங்கள் பாலம் திரையில் வந்தது. கல்சுவர், கசிவு ஓட்டை, சிவப்புக் கோடு. கோடு ஓட்டைக்கு மேலே இல்லை. அதற்கு வெகு கீழே, என் இடுப்புக்கு வரும் உயரத்தில், பளிச்சென்று புதிதாக இருந்தது. இதுதான் நாங்கள் கண்ட அதிகபட்ச வெள்ளம் என்றார். ஆகவே பள்ளத்தை மூடி, சாதாரணக் குழாய்கள் பதித்து, மேலே மனைகளும் சாலையும் அமைக்கலாம் என்றார். படம் பழையதோ, வேறு பாலமோ என்று என் மனம் அவருக்காக வக்காலத்து வாங்கிக்கொண்டே இருந்தது. கேள்வி நேரத்தில் ஒலிவாங்கியைக் கேட்டு வாங்கினேன். "அண்ணா, கோடு நாம போட்ட எடத்துல இல்லீங்களே. ஓட்டைக்கு மேல, என் தோளு உயரத்துலதான போட்டோம்?" என்றேன். ஏதோ தவறு நடந்திருக்கிறது, அவர் திருத்திக்கொள்வார் என்றுதான் அப்போதும் நினைத்தேன்.

அவர் கொஞ்சமும் தடுமாறவில்லை. "மேடம் நல்ல கேள்வி கேட்டிருக்காங்க" என்று தொடங்கினார். "அன்னைக்கு அவங்களும் வந்திருந்தாங்க. ஆனா பாருங்க, மேடம் அப்ப மாசமா இருந்தாங்க. தலைசுத்தல், வாந்தி. வண்டியிலயே உக்காந்துக்கச் சொன்னேன். அந்த மழையில அவங்களுக்கு எதுவும் சரியாத் தெரிஞ்சிருக்காதுங்க." அரங்கம் கனிவாகச் சிரித்தது. பக்கத்திலிருந்த பெரியவர் என்னைப் பார்த்துத் தலையசைத்து, "கொழந்த நல்லாருக்குதுங்களா?" என்று கேட்டார். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று சொன்னதை, எனக்கு எதிராகத் தேவைப்படும் நாள்வரை அவர் பத்திரமாக வைத்திருந்திருக்கிறார். என் முகம் எரிந்தது. அவ்வளவு பேருக்கு நடுவில், என் வயிற்றைப் பற்றி நானே விளக்கம் சொல்ல வேண்டிய நிலையில் என்னை நிறுத்திவிட்டார். நான் வண்டியில் இருக்கவில்லை, நின்று பார்த்தேன் என்று சொன்னேன். அடுத்த கேள்விக்கு நேரமாகிவிட்டதென்று ஒலிவாங்கியை வாங்கிக்கொண்டார்கள்.

சாப்பாட்டு வரிசையில் தட்டோடு என்னிடம் வந்தார். "சாப்பிட்டியா கண்ணு?" என்றார், எதுவுமே நடக்காத மாதிரி. ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டேன். "அந்த மாதிரி மழை இனி எப்ப வரப்போகுது? அந்த மனைக்காரங்களுக்கு நாந்தான் இனி ஆலோசகர். உனக்கும் அங்க எடம் கேட்டிருக்கறேன். பெருசு பண்ணாத" என்றார். என் தட்டில் போட்ட சோற்றை அப்படியே வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

நேராகப் பாலத்துக்குப் போனேன். பழைய கோடு இருந்த இடத்தைக் கம்பி பிரஷ்ஷால் சுரண்டி, சிமென்ட் பால் பூசியிருந்தார்கள். டீக்கடை அக்கா ஆற்றிக்கொண்டிருந்த டீயை நிறுத்திவிட்டுச் சொன்னார்: "இஞ்சினியருங்களே ஆளக் கூட்டிட்டு வந்து பண்ணுனாருங்க அம்மணி. பழசு உரிஞ்சுபோச்சு, புதுசாப் போடறோம்னாரு. எடம் மாறிப் போடறாங்களேன்னு கேட்டனுங்க. கணக்கு மாறிப்போச்சுங்கன்னாரு. நாந்தானுங்க எல்லாத்துக்கும் டீ போட்டுக் குடுத்தேன்." அங்கேயே உட்கார்ந்து அழுதேன். வேலையை விட்டேன். சம்பந்தப்பட்ட அலுவலகங்களுக்கு எழுதினேன், ஏறி இறங்கினேன். நிபுணர்கள் கூடிய மாநாட்டில் அந்தக் கேள்விக்கு விளக்கம் தரப்பட்டுவிட்டது என்றார்கள். குழாய் பதித்தார்கள், பள்ளத்தை மூடினார்கள், மேலே மஞ்சள் நிற எல்லைக் கற்கள் முளைத்தன.

சென்ற ஐப்பசியில் மதியம் வானம் கறுத்தது. எனக்கு ஃபோன் வரவில்லை, நான் எதிர்பார்க்கவும் இல்லை. ஆனால் கால் தானாகக் கிளம்பிவிட்டது. ரெயின்கோட்டை மாட்டிக்கொண்டு, ஸ்கூட்டரில் பெயின்ட் டப்பாவோடு பாலத்துக்குப் போனேன். எதிர்க்கரையில் குடையோடு அண்ணன் நின்றிருந்தார். அவருக்கும் பழக்கம் விடவில்லை போலும். என்னைப் பார்த்தார், என் தோளையும் பார்த்தார் என்றே நினைக்கிறேன். குழாய் வாயில் சருகும் கொப்பும் அடைத்துத் தண்ணீர் பின்வாங்கி ஏறிக்கொண்டிருந்தது. புதிய கோடு முழுகியது. கசிவு ஓட்டை முழுகியது. நான் மறுபடி நிமிர்ந்தபோது எதிர்க்கரையில் குடை இல்லை. கார் திரும்பிச் சாலையில் ஏறுவது மட்டும் தெரிந்தது. அவர் கோட்டை மாற்றியதைக்கூட ஒருநாள் நான் மறந்திருக்கலாம். தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கும்போது கிளம்பிப்போனதை என்னால் மறக்க முடியவில்லை.

அதற்குள் அக்காவின் வீட்டுக்குள் தண்ணீர் போய்விட்டது. அக்காவும் நானும் கேஸ் சிலிண்டரையும் அரிசி மூட்டையையும் சாலைக்குத் தூக்கிவந்தோம். பின்சுவர் ஊறிச் சரிந்த சத்தம் மழையிலும் கேட்டது. வடிந்த பிறகு, அக்கா கையைப் பிடித்துக்கொள்ள, சேற்றில் கால் புதையப் பாலத்தடியில் இறங்கினேன். இந்த முறை சருகு என் காது உயரத்தில் ஒட்டியிருந்தது. சுவரை என் துப்பட்டாவால் துடைத்துக் கோடு இழுத்தேன்.

மேலிருந்து அக்கா கேட்டார்: "இஞ்சினியருங்களும் நின்னாப்புல இருந்துச்சே அம்மணி, எங்கீங்க?"

"போயிட்டாருங்கக்கா."

அக்கா சரிந்த சுவரைப் பார்த்துக்கொண்டே, "எறங்கறதப் பாக்காமயா?" என்றார்.

ரெயின்கோட்டைத் துவைத்துப் பழைய இடத்திலேயே மாட்டியிருக்கிறேன். சேறு போய்விட்டது, தோளில் கறை இருக்கிறது. இத்தனை நாள் அந்த உயரமாவது என்னிடம் இருக்கிறது என்று அதைத் தேய்க்காமல் வைத்திருந்தேன். இப்போது பாலத்தில் கோடு அதற்கு மேலே இருக்கிறது. என் தோளில் அண்ணன் போட்ட அளவு, போட்ட அன்று உண்மைதான். அதைப் பொய்யாக்கியவரும் அவரேதான்.