பழைய இரும்புக்குக் கத்தரிக்காய்

பிச்சை முகம்மது பாய் காட்டுப்பன்றிக்குப் பயப்பட மாட்டார். மலையிலிருந்து இறங்கி வந்து ரோட்டில் நிற்கும் யானையைப் பார்த்தால்கூட, வண்டியைத் தள்ளி நிறுத்திவிட்டு அது போகிற வரைக்கும் பீடி பிடித்துக்கொண்டிருப்பார். குரங்கு என்றால் மட்டும் கதை வேறு. ஒரு குரங்கு வண்டியில் கை வைத்தால் போதும், உள்ளே ஏறிக் கண்ணாடியை ஏற்றிவிடுவார். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு வண்டி குரங்குடையது, இவர் அதில் இடம் கேட்டு ஏறியவர் என்று தோன்றும்.

இப்படிப்பட்டவருக்கு வாய்த்த தொழில், மலையடிவாரத்து ஊர்களுக்குக் காய்கறி கொண்டுபோய் விற்பது.

ராஜபாளையத்தில் ஒரு நூற்பு மில்லில் வேலை பார்த்தவர் அவர். மில்லை மூடியதும் பழைய குட்டியானை ஒன்றை வாங்கினார். குட்டியானை என்றால் சின்ன லோடு வண்டிதான். டவுனில் தெருவுக்குத் தெரு காய் வண்டிகள் கூவிக்கொண்டு திரிந்தன. யாரும் போகாத ஊராகப் பார்த்துப் போவோம் என்று மேற்கே திருப்பினார். யாரும் ஏன் போகவில்லை என்று அப்போது யோசிக்கவில்லை.

அப்படி அவர் வந்து சேர்ந்த ஊர்களில் ஒன்று எங்கள் சின்ன ஓடைப்பட்டி. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து செண்பகத்தோப்புக்குப் போகிற பாதையில் பிரிந்து உள்ளே வர வேண்டும். எங்கள் ஆட்கள் எல்லோரும் நிலம் உள்ளவர்கள். நிலத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் காப்பி ஆறிவிடும். ஆனால் வெண்டைக்காய் வேண்டுமென்றால் டவுனுக்கு பஸ் ஏற வேண்டும். நட்ட கத்தரியை மயில் கொத்தியது, கிழங்கைப் பன்றி தோண்டியது, தப்பியதைக் குரங்கு பறித்தது. வெறுத்துப்போய் ஊரே தென்னையும் மாவுமாக வைத்துவிட்டது. காலை பஸ்ஸில் போனால் மத்தியான பஸ்ஸில்தான் திரும்பலாம். அரைக் கிலோ அவரைக்காய்க்கு அரை நாள் வேலை போய்விடும். ரேஷன் கடையில் அரிசி பருப்பு கிடைக்கிறது. பெட்டிக்கடையில் சிப்ஸும் கலர் தண்ணியும் சரம் சரமாக ஊறுகாய்ப் பாக்கெட்டும் கிடைக்கின்றன. ஆக, சோறு உண்டு, குழம்பு உண்டு. குழம்புக்குள் போடத்தான் ஒன்றும் இல்லை.

எங்கள் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவன் நான். பொருளாதாரம். நல்ல சாப்பாட்டுச் சாமான் எட்டாத தூரத்தில் இருக்கும் ஊர்களுக்கு 'உணவுப் பாலைவனம்' என்று பெயர் உண்டு என்று கல்லூரியில் படித்ததை ஒருநாள் முத்துப்பேச்சி சித்தியிடம் விளக்கினேன். சித்தி தென்னந்தோப்பை ஒரு தடவை, நிறைந்து கிடந்த கண்மாயை ஒரு தடவை பார்த்துவிட்டு, "இதப் படிக்க வைக்கவாலே ஒங்கப்பன் தோப்ப ஒத்திக்கு வச்சான்?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

பாலைவனமோ சோலைவனமோ, செவ்வாயும் சனியும் பாய் வண்டி வந்தால்தான் ஊரில் பொரியல். அவருக்கு ஒவ்வொரு வீட்டின் வயிறும் தெரியும். சர்க்கரை உள்ள வீட்டுக்குப் பாகற்காய், பிள்ளை பெற்ற வீட்டுக்குப் பூண்டு, சண்டை போட்ட வீட்டுக்கு நறுக்கச் சிரமம் இல்லாத காய். கருவேப்பிலையும் மல்லித்தழையும் கொசுறு.

வண்டியின் மேல் ஒரு ஸ்பீக்கர் உண்டு. மில் பஞ்சில் பாயின் தொண்டை கெட்டுப்போனதால் அதில் கூவுவது அவர் மனைவி ஆயிஷா பீவி. அடுப்படியில் நின்றுகொண்டே போனில் பேசிப் பதிவு செய்தது. "தக்காளி, வெங்காயம், கத்தரிக்காய், முருங்கைக்காய்" என்று அந்த அம்மா இழுத்துச் சொல்லி முடித்ததும் பின்னால் ஒரு குக்கர் விசில் கேட்கும். திரும்பவும் தக்காளி, திரும்பவும் விசில். எங்கள் ஊர்ப் பெண்கள் விசிலைக் கேட்டுத்தான் பையை எடுப்பார்கள்.

குரங்குகளும் அந்த விசிலைப் படித்துக்கொண்டதுதான் வினை. பெண்கள் பை தேடி எடுப்பதற்குள் அவை பஸ் நிறுத்தத்துப் புளியமரத்தில் வந்து உட்கார்ந்திருக்கும். வாழைப்பழச் சீப்பு முதலில் போகும். தக்காளியை ஆளுக்கொன்று எடுத்து ஒரு கடி கடித்து, புளிப்பென்று எறிந்துவிட்டு அடுத்ததை எடுக்கும். பாய் கண்ணாடிக்குள்ளிருந்து பார்த்துக்கொண்டிருப்பார்.

சிவனாண்டி சித்தப்பா, முத்துப்பேச்சி சித்தியின் வீட்டுக்காரர், ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து வந்தவர். பாதுகாப்பை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று ஒரு சனிக்கிழமை கம்போடு நின்றார். குரங்குகள் அவருடைய ராணுவத் தொப்பியைக் கொண்டுபோய்விட்டன. சித்தி சிரித்தாள். அதிலிருந்து இரண்டு பேருக்கும் பேச்சு இல்லை. நான் என் பங்குக்கு ஒரு வாட்ஸப் குழு ஆரம்பித்தேன். ஸ்பீக்கர் வேண்டாம், பாய் வந்ததும் செய்தி போட்டுவிடலாம் என்று. தோப்புக்குள் சிக்னல் இல்லை. 'காய் வந்தாச்சு' என்ற செய்தி போய்ச் சேரும்போது பாய் ராஜபாளையத்தில் சாப்பிட்டுக் கை கழுவியிருப்பார்.

கடைசியில் ஆயிஷா பீவி சொல்லிவிட்டார், குரங்குக்குத் தீனி போடுவதற்கு விடிகாலையில் மார்க்கெட்டுக்குப் போக வேண்டியதில்லை, இனியும் இப்படி நடந்தால் அந்த ஊரை விட்டுவிட வேண்டியதுதான் என்று. இதை எங்களிடம் சொல்லும்போது பாய் தராசுத் தட்டையே துடைத்துக்கொண்டிருந்தார். பெண்கள் யாரும் அன்றைக்குப் பேரம் பேசவில்லை. அதிலேயே நிலைமையின் தீவிரம் விளங்கும்.

அந்த நேரத்தில்தான் கருத்தையாவின் வண்டி எங்களைக் கடந்து போனது. அவர் மம்சாபுரம் பக்கம் பழைய இரும்பு எடுப்பவர். "பழைய இரும்பு, பித்தளை, ஓட்டை அலுமினியம், ஓடாத மோட்டார் எடுக்கிறோம்" என்று அவருடைய ஸ்பீக்கரும் அலறுகிறது. முடிவில் ஒரு இருமல் வேறு. புளியமரத்தில் ஒரு குரங்கும் தலையைத் திருப்பவில்லை. பாய் போனை எடுத்து அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டார். "மதினி, செவ்வாக்கெழம இரும்பு சத்தம் கேட்டா நான்தான். ஊருல எல்லாருக்கும் சொல்லிருங்க" என்று முத்துப்பேச்சி சித்தியிடம் ஒப்படைத்தார்.

சித்தி ஊரில் எல்லோருக்கும் சொன்னாள், பேச்சில்லாத ஒருத்தரைத் தவிர.

செவ்வாய்க்கிழமை இரும்புக் குரல் வந்தது, பெண்கள் வந்தார்கள், குரங்கு வரவில்லை. பாய் முதன்முறையாகப் பயமில்லாமல் வண்டிக்கு வெளியே நின்று கத்தரிக்காய் நிறுத்தார். அப்போது தெருமுனையில் கரகரவென்று ஒரு சத்தம். சிவனாண்டி சித்தப்பா கிணற்றடியில் கிடந்த பழைய மோட்டாரைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்தார். வேர்வையில் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"எட போடு பாய்."

"அண்ணே, நான் காயில்ல கொண்டாந்திருக்கேன்."

"ஓடாத மோட்டார் எடுக்கோம்னு ஒன் வண்டிதான கூப்புடுது?"

"அது கொரங்குக்காகப் போட்டதுண்ணே."

சித்தப்பா கயிற்றைக் கீழே போட்டார். "கொரங்குக்குப் போட்டதக் கேட்டு நான் வந்திருக்கேன். அப்போ நான் ஆரு?"

வரிசையில் நின்ற பெண்கள் எல்லோரும் திடீரென்று வெங்காயம் பொறுக்க ஆரம்பித்தார்கள். பாய் மோட்டாரை ஏற்றிக்கொண்டு பை நிறையக் காய் கொடுத்தார். சித்தப்பா வீட்டுக்குப் போய்ப் பையைச் சித்தி முன்னால் வைத்தார். அன்றைக்கு அந்த வீட்டில் பேச்சும் வந்தது, சாம்பாரும் வந்தது.

அடுத்த தடவை ஊரே இரும்போடு வந்தது. கால் போன கட்டில், ஓட்டை வாளி, சைக்கிள் ரிம். பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் என்ற காலம் போய்க் கத்தரிக்காய் என்று ஆனது. பாய்க்கு இரட்டை வியாபாரம். குரங்குத் தொல்லையும் இல்லை, அவை விஷயத்தைக் கண்டுபிடிக்கிற வரைக்கும்.

கண்டுபிடித்தன. பாவம், அன்றைக்கு வந்தது உண்மையான கருத்தையா. இரும்பு கொடுக்க ஊரில் ஆள் இல்லை. புளியமரம் மட்டும் இறங்கி வந்தது. தகரத்தையும் டப்பாவையும் புரட்டிப் புரட்டிப் பார்த்து, காய் இல்லை என்று தெரிந்ததும் அவருடைய சாப்பாட்டுத் தூக்குச்சட்டியைக் கோபத்தோடு எடுத்துக்கொண்டு போயின.

மறு சனிக்கிழமை பாய் வரும்போது, விஷயத்தை ஊரில் கேட்டுத் தெரிந்துகொண்ட கருத்தையா வண்டியைக் குறுக்கே போட்டுக் காத்திருந்தார். அன்றைக்குப் பார்த்து ஆயிஷா பீவியும் கூட வந்திருந்தார். இந்த ஊரை வைத்துக்கொள்வதா விடுவதா என்று நேரில் பார்த்து முடிவு செய்யத்தான் வந்தது.

"எங் கொரல்ல நீரு யாவாரம் பாக்கேரு. இருமல்கூட எங்கிட்ட வாங்குனதுதான்" என்றார் கருத்தையா. சுற்றிலும் கூட்டம். ஊர் அன்றைக்குச் சாப்பிடுமா, ஊறுகாய் நக்குமா என்பது கருத்தையாவின் வாயில் இருந்தது.

வண்டிக்குள்ளிருந்து ஆயிஷா பீவி, "அண்ணே, செத்த நேரம் நான் சொல்றதக் கேளுங்க" என்றார்.

அவ்வளவுதான். புளியமரத்தில் இருந்த அத்தனை தலையும் அந்தக் குரலின் பக்கம் திரும்பியது. ஒரு தாய்க்குரங்கு குட்டியை இடுப்பில் சரியாக வைத்துக்கொண்டு இறங்கத் தயாரானது. கருத்தையா மரத்தைப் பார்த்தார். ஆயிஷா பீவியும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"ஒங்க கொரல நீங்களே வச்சுக்கிடுங்க. எங் கொரலையும் கொண்டுபோங்க. கம்மாக்கரையில வண்டிய நிறுத்தி அதப் போட்டுட்டு நெழல்ல உக்காருங்க. இதுக அம்புட்டும் அங்கன வந்துரும். இவுக இங்கன சத்தமில்லாமக் காய வித்துட்டு, ஊரு இரும்பெல்லாம் ஏத்தி ஒங்ககிட்டக் கொண்டாந்து எறக்கிருவாக. நீங்க தெருத்தெருவா அலைய வேண்டாம்."

கருத்தையா தாடையைத் தடவினார். "என் சாப்பாடு?"

"கத்தரிக்கா கொழம்பு நான் தாரேன். கண்ணாடிய ஏத்திட்டுத் தின்னுக்க" என்றாள் முத்துப்பேச்சி சித்தி.

ஆயிஷா பீவியின் குரலை பாயின் போனிலிருந்து கருத்தையாவின் போனுக்கு மாற்றிக் கொடுத்தவன் நான். பட்டப்படிப்பு வீண் போகவில்லை.

கொஞ்ச நேரத்தில் கண்மாய்ப் பக்கமிருந்து தக்காளி, வெங்காயம் என்று மெல்லக் கேட்டது. பிறகு குக்கர் விசில். புளியமரம் காலியானது. தோப்பிலிருந்து பெண்கள் பையோடு, வண்டி வழக்கமாக நிற்கும் புளியமரத்தடிக்கு வந்தார்கள், ஏனென்றால் அந்த விசில் அவர்களுக்கும் பழகியதுதான். பாய் நிதானமாக நிறுத்தார். ஒரு தக்காளிகூடக் கடிபடவில்லை. ஆயிஷா பீவி இறங்கி வந்து காலியான கூடைகளை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கினார். "அடுத்த வாட்டி முருங்கக்கா கொஞ்சம் கூடப் போட்டுட்டு வரணும்" என்று பாயிடம் சொன்னார். சித்தி என் கையைப் பிடித்து அழுத்தினாள்.

பாயின் போன் அடித்தது. கருத்தையா.

"பாய், சீக்கிரம் வாரும். சுத்தி உக்காந்திருக்குக. இதுக என்னையப் பாக்குற பார்வை சரியில்ல."